மேல் மாடி ஏன் குளிருது? பிழை ஃபர்னஸில் இல்லை



போன கிழமை எபிசோடில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்களைப் பற்றிக் கதைத்தோம். முடியும்போது நான் சும்மா ஒரு வசனம் சொன்னேன்: "எங்கட வீட்டில அதால ஒரு பிரயோசனமும் இருக்கேல்லை." அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருந்தீங்கள். "ஏன்? எந்த மொடல்? செட்டிங் பிழையா?" என்று.

மொடலும் பிழையில்லை, செட்டிங்கும் பிழையில்லை. பிழை இருந்த இடத்தை நாங்கள் முப்பது வருசமாக ஏறிப் பார்க்கவே இல்லை. அந்தக் கதைதான் இந்த மடல்.

அம்மாவின் சோபா

எங்கட வீடு ஸ்காபரோவில் 1986இல் கட்டியது. இரண்டு மாடி. ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. ஜனவரியில் கீழே ஹோலில் டீ-ஷேர்ட்டோடு இருக்கலாம். மேலே வடக்குப் பக்க அறைக்குப் போனால் மூக்கு நுனி குளிரும். அது அம்மாவின் அறை.

டிசம்பர் வந்தால் அம்மா தலையணையும் போர்வையும் எடுத்துக்கொண்டு கீழே சோபாவுக்கு வந்துவிடுவா. "ரி.வி. பாத்துக்கொண்டு அப்பிடியே நித்திரையாப் போயிடுவன், எனக்கு இதுதான் வசதி" என்று சொல்லுவா. பல வருசம் நாங்கள் அதை நம்பினோம்.

2014 குளிர்காலத்தில் ஒருத்தர் கதவைத் தட்டினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கிளிப்போர்ட். நான் அப்போது கிரேட் 11. அப்பா கதவைத் திறந்து, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உவர் என்ன சொல்லுறார் எண்டு ஒருக்காக் கேள்."

அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். "எங்கட ஃபர்னஸ் பழசாம் அப்பா. மேல் மாடிக்குச் சூட்டைத் தள்ள அதுக்குப் பலம் இல்லையாம். மாத்தினா மேல வடிவாச் சூடு வருமாம்." அம்மாவின் அறையை நினைத்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். மாதம் 89 டொலர், பத்து வருச ஒப்பந்தம். 120 மாதத்தால் பெருக்கிப் பாருங்கோ: 10,680 டொலர்.

ஃபர்னஸ் புதுசு. அறை பழையபடிதான். அம்மா தொடர்ந்து சோபாவில்தான்.

(இப்படியான சம்பவங்கள் நிறைய நடந்ததால்தான் ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1இலிருந்து, நாங்கள் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதைச் சட்டம் தடுக்கிறது. உங்கட வீட்டாருக்கு இதைத் தெரியப்படுத்தி வையுங்கோ.)

வேலைக்குப் போய் முதல் சம்பளம் வந்ததும் நான் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும் அறைக்கு அறை சென்சரும் வாங்கிப் பூட்டினேன். கிராஃப் அழகாக வந்தது. கீழே 22 பாகை, அம்மாவின் அறை 17.5. அந்த அறையின் சென்சரைப் பார்த்து ஃபர்னஸை ஓடவிட்டால் கீழே 25 தாண்டிவிடும், அப்பா யன்னலைத் திறந்துவிடுவார். பிரச்சினை எவ்வளவு பெரிசு என்று அந்தப் பெட்டி துல்லியமாகக் காட்டியது. அதைத் தீர்க்க அதால் முடியாது.

வீடே ஒரு புகைபோக்கி

சூடான காற்று பாரம் குறைந்தது, மேலே போகும். இது கிரேட் 7 விஞ்ஞானம். ஆனால் வீடு முழுக்க அது என்ன செய்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே போய்க் கூரைத் தட்டை அழுத்துகிறது. அங்கே ஓட்டை இருந்தால் அட்டிக்குக்குள் போய்விடும். போன காற்றுக்குப் பதிலாக வேறு காற்று வரவேண்டுமே? அது கீழே பேஸ்மென்ட் விளிம்பாலும் கதவு இடுக்காலும் வெளியிலிருந்து குளிராக உள்ளே இழுபடும். இதைத்தான் 'ஸ்டாக் எஃபெக்ட்' என்கிறார்கள். வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்றால், ஐந்து மீற்றர் உயரமான வீட்டில் மேலுக்கும் கீழுக்குமான அழுத்த வித்தியாசம் 9 முதல் 10 பாஸ்கல் வரும். கையில் படாத அளவு சின்ன அழுத்தம்தான். ஆனால் அது இரவு பகல், குளிர்காலம் முழுக்க ஓயாமல் வேலை செய்யும்.

அதாவது காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று மேலால் போகிறது. அது போவதால்தான் கீழால் குளிர் வருகிறது. கதவடியில் பழைய துவாயைச் சுருட்டி வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இழுக்கிற ஓட்டை கதவடியில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.

"அட்டிக்கில்தான் இன்சுலேஷன் இருக்கே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் எங்கட குசினியிலேயே இருந்தது. நீத்துப்பெட்டியில் புட்டு அவிக்கும்போது மாவு எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆவி ஊடாக மேலே வரும்தானே? ஃபைபர்கிளாஸ் அந்தப் புட்டு மாதிரி. அசையாமல் நிற்கிற காற்றைத் தனக்குள் பிடித்து வைத்துத்தான் அது வெப்பத்தைத் தடுக்கிறது. கீழிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்தால் அதால் மறிக்க முடியாது.

இதைக் கண்டுபிடித்த கதை

1970களில் எண்ணெய் விலை ஏறிய நேரம், அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் என்ற இடத்தில் வரிசை வீடுகளை அளந்து பார்த்தார்கள். இன்சுலேஷனின் தடிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், அட்டிக் வழியாக இவ்வளவு வெப்பம்தான் போகவேண்டும் என்று ஒரு எண் வரும். உண்மையில் போனது அதைவிடப் பல மடங்கு. தேடிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வீடுகளுக்கு இடையிலான சுவரின் கொங்கிரீட் கற்களுக்குள் இருந்த வெற்று இடமும், புகைக்குழாயைச் சுற்றிய இடைவெளியும் காற்றை நேராக அட்டிக்குக்குக் கொண்டுபோயின. இன்சுலேஷன் இருந்தது. காற்று அதைச் சுற்றிக்கொண்டு போனது.

அதே காலத்தில் கனடாவில், சஸ்காச்சுவனில், இன்னொரு குழு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. சூரிய சக்தி வீடு ஒன்று வேண்டும் என்று மாகாண அரசு கேட்டது. ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் கணக்குப் பார்த்தார்கள். சூட்டைச் சேகரிப்பதைவிட, இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் லாபம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 1977இல் ரெஜைனாவில் சஸ்காச்சுவன் கொன்சர்வேஷன் ஹவுஸ் எழும்பியது. தடித்த சுவர், ஆர்-60 கூரை, காற்று புகாத அடைப்பு, வெளியே போகும் காற்றிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுக்கும் கருவி. ரெஜைனாக் குளிரிலும் அந்த வீட்டில் ஃபர்னஸ் இல்லை. பிறகு ஜெர்மனியில் வந்த பாஸிவ் ஹவுஸ் முறைக்கு அது ஒரு முன்னோடி.

அது கட்டி ஒன்பது வருசம் கழித்துத்தான் எங்கட வீடு கட்டப்பட்டது. தெரிந்த விசயம்தான். எங்கட கூரைவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் ஒரு மின்விசிறி

போன வருசம் மார்ச்சில் ஒரு எனர்ஜி அட்வைசரைக் கூப்பிட்டேன். அவர் முன்கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணி போட்ட சட்டமும் பெரிய மின்விசிறியும் பூட்டினார். இதுதான் 'ப்ளோவர் டோர்'. வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, உள்ளழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைத்து வைப்பார்கள். அந்த நிலையில் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக் காற்று முழுக்க எத்தனை தரம் மாறுகிறது என்பதுதான் விடை. கனடாவின் ஆர்-2000 தரத்துக்கு அது 1.5க்கு மேல் போகக்கூடாது. எங்கட வீடு 7.4.

ஆனால் எனக்கு அந்த எண்ணைவிட வீட்டைச் சுற்றி நடந்ததுதான் பெரிய பாடம். விசிறி ஓடும்போது ஓட்டைகள் எல்லாம் உயிர் பெறும். அம்மாவின் அறையில் சுவரோடு இருந்த மின்சுவிட்சில் கை வைத்தால் காற்று வந்தது, உள்சுவரில்! பாத்ரூம் விசிறியைச் சுற்றி, பொட் லைட்டுகளைச் சுற்றி, அட்டிக் மூடியின் நாலு பக்கமும் காற்று. இன்ஃப்ராரெட் கமராவில் கூரை ஓரங்கள் நீல நீலமாகத் தெரிந்தன. அப்பா பின்னாலேயே வந்து ஒவ்வொரு இடத்திலும் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஏணி வைத்து அட்டிக்குக்குள் எட்டிப் பார்த்தோம். ஆறு அங்குல இளஞ்சிவப்பு ஃபைபர்கிளாஸ், ஏறக்குறைய ஆர்-20. அட்வைசர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் கறுப்பு.

"இது பூஞ்சணமா?"

"இல்லை, தூசி. இத்தனை வருசமா உங்கட வீட்டுக் காற்றை இது வடிகட்டியிருக்கு. எங்க கறுப்போ, அங்க கீழ ஓட்டை."

இன்னொன்றும் தெரிந்தது. பாத்ரூம் விசிறியின் குழாய் கழன்று, அட்டிக்குக்குள்ளேயே ஊதிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு குளியலின் ஆவியும் குளிர்ந்த கூரைப் பலகையில் உறைந்து, வெயில் வந்ததும் உருகிச் சொட்டியிருக்கிறது. கூரைத் தட்டில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டி "ரூஃப் ஒழுகுது" என்று முன்பு ஒருத்தர் சொல்லியிருந்தார். ரூஃப் ஒழுகவே இல்லை.

எதை முதலில் செய்வது?

இந்த வேலையில் ஒழுங்குமுறை முக்கியம். மாற்றிச் செய்தால் காசு வீண்.

முதலாவது, ஓட்டை அடைப்பது. வயர்களும் தண்ணீர்க் குழாய்களும் சுவருக்குள்ளால் அட்டிக்குக்கு வரும் இடங்கள், உள்சுவர்களின் மேல் விளிம்பு, குசினிக் கபினெட்டுக்கு மேலே பெட்டியாக இறக்கிய பகுதி, எல்லாவற்றையும் ஸ்ப்ரே ஃபோமாலும் கோக்கிங்காலும் அடைக்க வேண்டும். புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் போடவே கூடாது. அங்கே உலோகத் தகடும் நெருப்பைத் தாங்கும் கோக்கிங்கும்தான். பழைய பொட் லைட்டுகளைக் காற்றுப் புகாத எல்.ஈ.டி. வகைக்கு மாற்றினோம். அட்டிக் மூடிக்கு மேலே தடித்த ஃபோம் பலகை ஒட்டி, விளிம்பில் வெதர்ஸ்ட்ரிப் போட்டோம். பொருட்களுக்கு 150 டொலர்கூட முடியவில்லை. முடிந்தது இரண்டு சனிக்கிழமையும் என் முதுகும்.

இரண்டாவது, ஈரமும் காற்றோட்டமும். பாத்ரூம் குழாயை வெளியே வரை ஒழுங்காகப் பூட்டினோம். கூரை ஓரத்தில் சொஃபிட் துவாரங்களால் அட்டிக்குக்கு வெளிக்காற்று வரவேண்டும். புது இன்சுலேஷன் அதை மூடாமல் இருக்க ஒவ்வொரு இடைவெளியிலும் 'பாஃபிள்' தட்டு வைக்க வேண்டும். சிலருக்கு இதில் குழப்பம் வரும். அட்டிக்குக்கு வெளிக்காற்று வேண்டும், வீட்டுக் காற்றுத்தான் அங்கே போகக்கூடாது.

மூன்றாவதுதான் இன்சுலேஷன். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே 12 அங்குலம் செலுலோஸ் ஊதுவித்தோம். இது பழைய பேப்பரில் செய்வது, அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5. மொத்தம் ஆர்-60 ஆனது. இது மட்டும் ஆள் பிடித்துச் செய்தது, அரை நாள் வேலை.

எவ்வளவு தடிப்புப் போட்டாலும் இடைவெளி விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் சதுர அடிக் கூரைத் தட்டு, முழுக்க ஆர்-40. அதில் பத்துச் சதுர அடி, அதாவது நூறில் ஒரு பங்கு, வெறுமனே ஆர்-2 என்று வையுங்கோ. வெப்ப இழப்பு 19 சதவீதம் கூடும். ஆர்-40 போட்டும் உங்களுக்குக் கிடைப்பது ஆர்-34தான். காற்று ஒழுகுவதை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

ஏற முதல் யோசியுங்கோ

சில விசயங்களில் விளையாட வேண்டாம்.

அட்டிக்கில் பளபளப்பான சாம்பல்-பழுப்புச் சின்னக் கற்கள் மாதிரி ஏதாவது கொட்டிக் கிடந்தால் அது வேர்மிக்குலைட் ஆக இருக்கலாம். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த வேர்மிக்குலைட்டில் அஸ்பெஸ்டோஸ் கலந்திருந்தது. கனடாவிலும் நிறைய விற்றார்கள். தொடாமல், கிளறாமல் மூடியைச் சாத்திவிட்டுப் பரிசோதிக்கக் கூப்பிடுங்கோ.

மிகப் பழைய வீடென்றால் மின்வயரை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். நடக்கும்போது கால் மரச்சட்டத்தில்தான். இடையில் வைத்தால் கீழே அறைக்குள் இறங்குவீர்கள். கோடையில் ஏறாதீங்கோ, வெயில் நாளில் உள்ளே 50 பாகை தாண்டும். மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

இன்னொன்று உயிர் விசயம். வீட்டை இறுக்க அடைத்தால், பழைய வகைக் காஸ் தண்ணீர் ஹீட்டரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்ப வாய்ப்பு உண்டு. வேலை முடிந்ததும் அட்வைசரைக் கொண்டு அதைச் சோதிப்பியுங்கோ. கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். எங்கட சமையலுக்குக் குசினி விசிறி வெளியே ஊதுவதாக இருக்கவேண்டும், அதைப் போடவும் வேண்டும். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது என்பது வேறு கதை.

கிராண்ட், ரிபேட் கிடைக்குமா என்று கேட்பீர்கள். திட்டங்கள் வரும், போகும். ஆனால் பல திட்டங்கள் வேலை தொடங்க முதலே ஒரு மதிப்பீட்டைக் கேட்கும். முதலில் அதைப் பாருங்கோ. வேலையை முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

இந்தக் குளிர்காலம்

வேலை முடிந்து திரும்ப அளந்தபோது 7.4 என்பது 5.3 ஆகியிருந்தது. ஆர்-2000க்குக் கிட்டவும் இல்லை. பேஸ்மென்ட் விளிம்பு இன்னும் பாக்கி. காஸ் பாவனை, குளிரின் அளவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், 14 சதவீதம் குறைந்தது. பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்கோ.

ஆனால் சென்சர் கிராஃபில் இரண்டு கோடுகளும் கிட்ட வந்துவிட்டன. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 4.5 பாகையிலிருந்து ஒன்றரை ஆனது. கோடையிலும் அந்த அறை அடுப்பு மாதிரி இல்லை.

அப்பாவிடம் 2014 கதையை ஒரு நாள் எடுத்தேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அப்பா. ஃபர்னஸில ஒரு பிழையும் இருக்கேல்லை." அவர் சிரித்தார். "நீ என்ன பிழையாச் சொன்னனீ? அவன் சொன்னதைத்தானே சொன்னனீ."

உண்மைதான். அவர் சொன்னதை நான் ஒரு சொல் தப்பாமல் தமிழில் சொன்னேன். "மேல குளிருது எண்டா, சூடு எங்கால போகுது?" என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது தெரியாது. உங்களில் நிறையப் பேர் இப்போதும் அம்மா அப்பாவுக்காக வாசலில் நின்று மொழிபெயர்க்கிற ஆட்கள். அடுத்த முறை யாராவது கதவைத் தட்டினால், மொழிபெயர்க்க முதல் அந்தக் கேள்வியைக் கேளுங்கோ.

டிசம்பரில் அம்மா தலையணையோடு கீழே வரவில்லை. ஒரு கிழமை பார்த்துவிட்டு, "ஏன் சோபாவுக்கு வரேல்லை?" என்று கேட்டேன். "சோபா முதுகுக்குச் சரியில்லை பிள்ளை. எத்தினை வருசமாச் சொல்லுறன்" என்றா.

அவ ஒருநாளும் சொன்னதே இல்லை.

இந்த வார இறுதியில் அம்மா அப்பா வீட்டுக்குப் போனால் ஒரு டோர்ச்சோடு அட்டிக் மூடியைத் திறந்து, ஏறாமல், எட்டி மட்டும் பாருங்கோ. எத்தனை அங்குலம், எங்கே கறுப்பு, பாத்ரூம் குழாய் எங்கே போகுது? படம் எடுத்து அனுப்புங்கோ. லண்டன்காரர் 'லொஃப்ட்' படம் அனுப்பலாம். அடுத்த எபிசோடில் ஒரு எனர்ஜி அட்வைசரை மைக் முன்னால் இருத்தி, உங்கட படங்களைக் காட்டிக் கேட்கப் போகிறோம்.

அதுவரை, அந்தத் துவாய் கதவடியிலேயே இருக்கட்டும்.